தேய்மானமும் கீலும்: முழங்கால் மூட்டுநோயின் கத்தியில்லா மருத்துவ வரலாறும் தமிழ்ச் சொற்களும்

முழங்கால் வலிக்கு மருத்துவரைக் கண்டு வீடு திரும்பும் தமிழ் முதியவர், யாழ்ப்பாணத்திலாயினும் ரொறன்ரோவிலாயினும், வீட்டாருக்குச் சொல்லும் செய்தி பெரும்பாலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றது: தேய்மானம். இச்சொல் மருத்துவத்துக்கு உரியதன்று. பழைய நகையை நிறுக்கும் பொற்கொல்லர் தேய்மானம் கழிப்பார். கணக்கியல் நூல் இயந்திரத்தின் பெறுமதியிலிருந்து ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கும். ஒரு பொருள் பயன்படுத்தப்படுவதனாலேயே குறைகின்றது, குறைந்தது மீளாது என்பதே இரு வழக்குகளிலும் உள்ள பொருள். அச்சொல் உடலுறுப்பு ஒன்றின் மேல் ஏற்றப்படும்போது அதனுள் ஒரு மருத்துவ அறிவுரையும் சேர்ந்தே வந்துவிடுகின்றது. தேய்வதைக் காக்க வேண்டுமாயின் பாவிக்கக் கூடாது. 'நடந்தால் இன்னும் தேயும்' என்று பிள்ளைகள் தாயை நாற்காலியில் இருத்திவிடுவது இந்தத் தருக்கத்தின் நேரடி விளைவு.

முழங்கால் மூட்டுநோய்க்குச் சத்திரசிகிச்சையின்றி அளிக்கப்படும் மருத்துவத்தின் கடந்த அரை நூற்றாண்டு வரலாறு, இத்தருக்கம் படிப்படியாகத் தகர்ந்த வரலாறாகும். அதனைத் தமிழில் எடுத்துரைக்க முற்படும்போது, நோயின் பெயரே தடையாக நிற்பதை இக்கட்டுரை காட்ட முயல்கின்றது.

ஓய்வு மருந்தாகிய காலம்

1743இல் இருபத்தைந்து வயது இளைஞராயிருந்த வில்லியம் ஹன்டர், மூட்டுகளின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பின் அமைப்பும் நோய்களும் பற்றி இலண்டன் அரச கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இலங்கைப் பாடநூல்கள் கசியிழையம் என்று குறிக்கும் அந்த வழுவழுப்பான படலம் ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்பது அவர் முன்வைத்த முடிவுகளுள் ஒன்று. வளர்ந்தவரின் குருத்தெலும்பு பழைய வடிவில் எளிதில் மீளாது என்பது இன்றும் பெருமளவு உண்மையே. ஆனால், மீளாத ஒன்றை அசைக்காமல் வைத்தலே பாதுகாப்பு என்னும் எண்ணம் ஹன்டருடையதன்று. அது அடுத்த நூற்றாண்டில் வேறொரு நோயின் வழியாக வந்து சேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவமனைகளை நிறைத்திருந்த மூட்டுநோய்களுள் முதன்மையானது என்புருக்கிக் கிருமியால் வரும் மூட்டழிவு. கிருமிகொல்லி மருந்து இல்லாத அக்காலத்தில் மூட்டை அசையாது கட்டிவைத்தல் உண்மையாகவே உயிர் காத்தது. ஜோன் ஹில்டன் ஓய்வையும் வலியையும் பற்றி ஆற்றிய விரிவுரைகள் 1863இல் நூலாயின. லிவர்பூலில் ஏழைகளுக்கு மருத்துவம் செய்த ஹியூ ஓவன் தோமஸ், மூட்டுக்குத் தரப்படும் ஓய்வு இடைவிடாததாகவும் நீண்டதாகவும் கட்டாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். வேல்சு நாட்டின் பரம்பரை எலும்பு முறிவு வைத்தியர் குடும்பத்தில் பிறந்தவர் அவர் என்பது, நாட்டு வைத்தியத்தையும் மேலை மருத்துவத்தையும் எப்போதும் எதிர்க்கடைகளாகவே நிறுத்திப் பார்ப்போர் கருத்திற் கொள்ளத்தக்கது. பிரான்சில் லூக்கா சம்பியோனியேர் முறிந்த எலும்புக்குங்கூடப் பிடித்துவிடுதலும் அசைவும் நன்மை தரும் என்று வாதிட்டார். அக்குரல் ஆங்கிலம் பேசும் உலகில் வலுப்பெறவில்லை. என்புருக்கி மூட்டுக்குப் பொருத்தமாயிருந்த ஓய்வுக் கோட்பாடு, அந்நோய் மேலை நாடுகளில் அருகிய பின்னரும் மறையாது முதியோரின் முழங்காலில் வந்து தங்கியது.

எக்ஸ்-கதிர்ப்படம் இவ்வெண்ணத்துக்குக் கண்ணாற் காணும் சான்று போன்ற ஒன்றை வழங்கியது. இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுகளை ஆராய்ந்த கெல்கிரன், லோரன்ஸ் ஆகிய இருவரும் 1957இல் மூட்டுப் படங்களைச் சுழி முதல் நான்கு வரை தரப்படுத்தும் முறையொன்றை வெளியிட்டனர். எலும்பின் ஓரத்தில் முளைக்கும் துருத்தல்களும் இரு எலும்புகளுக்கிடையே குறையும் இடைவெளியும் அதன் அளவுகோல்கள். மக்கள் தொகைகளை ஒப்பிடுவதற்கு அது பெரிதும் உதவியது, இன்றும் உதவுகின்றது. ஆயினும் மருத்துவர் அறையில் அது தீர்ப்பாக மாறிற்று. நான்காம் தரப் படம் உடையவர் தடையின்றி நடப்பதும், முதல் தரப் படம் உடையவர் படியேற முடியாது தவிப்பதும் அன்றாடம் காணப்படுபவை. படத்துக்கும் வலிக்கும் உள்ள உறவு அவ்வளவு தளர்ந்தது. படத்தைக் காட்டி 'எலும்போடு எலும்பு உரசுகின்றது' என்று சொல்லப்பட்ட ஒருவரோ அந்த உரசலை ஒவ்வோர் அடியிலும் கேட்கத் தொடங்கிவிடுகின்றார். ஆஸ்திரேலியாவில் முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருந்தோரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. எலும்பு எலும்போடு உரசுகின்றது, உடற்பயிற்சி மேலும் கெடுக்கும், சத்திரசிகிச்சை ஒன்றே வழி என்னும் நம்பிக்கைகளே, பயனுள்ள பிற மருத்துவத்தை அவர்கள் ஏற்காமைக்குக் காரணமாயிருந்தன. அவர்கள் ஆங்கிலத்தில் கேட்ட உவமையைத் தமிழர் 'தேய்மானம்' என்ற ஒரே சொல்லாகக் கேட்கின்றனர்.

பழைய சொற்கள்

தமிழ் மருத்துவ மரபு இந்நோயை வேறொரு படிமத்தால் அறிந்திருந்தது. வாத நோய்கள் எண்பது என வகுக்கும் யூகி வைத்திய சிந்தாமணி முதலிய சித்த நூல்களின் பார்வையில் மூட்டுநோய் வாயுவின் நடையில் நேரும் பிறழ்வு. இன்றைய சித்த மருத்துவக் கல்வி முதுமை மூட்டுநோய்க்கு இணையாகக் கொள்ளும் பெயர் அழல் கீல்வாயு. கீல் என்பது உடலின் மூட்டையும் கதவின் கீலையும் ஒருங்கே குறிக்கும் சொல். கதவுக் கீல் திறந்து மூடப்படுவதனால் கெடுவதைக் காட்டிலும் மூடியே கிடப்பதனால் இறுகுவதே மிகுதி. அதற்கு வேண்டியன எண்ணெயும் அசைவும். முடக்கற்றான் என்னும் கொடியின் பெயரிலும் இதே பார்வை தொனிக்கின்றது. நோய் அங்கே முடக்கம். நலம் அம்முடக்கம் அற்ற நிலை. சித்த மருத்துவம் எண்ணும் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளுள் ஒற்றடம், வேது, பற்று, பொட்டணம், தொக்கணம் ஆகியவை மூட்டுக்கு வெளியே நின்று வெப்பத்தையும் அழுத்தத்தையும் இளக்கத்தையும் தருபவை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு படிமம் பொருத்தமாயிருப்பதனால் அதனைச் சார்ந்த மருந்துகள் யாவும் பயன் தருவன என்றாகிவிடாது. வாயு என்ற கருத்தும் குருத்தெலும்பின் உயிரியலும் வெவ்வேறு அறிவுமுறைகளைச் சேர்ந்தவை. முன்னோர் அனைத்தையும் முன்பே அறிந்திருந்தனர் என்று நிறுவ முனையும் ஆய்வுரைகள் இத்தகைய மாநாடுகளுக்குப் புதியன அல்ல. அவை மரபுக்கும் நன்மை செய்வதில்லை. இக்கட்டுரையின் கூற்று அதனினும் மிகச் சிறியது: கீல், முடக்கு, பிடிப்பு, விறைப்பு ஆகிய சொற்கள் அசைவை நோக்கிக் கை நீட்டுகின்றன, தேய்மானம் என்னும் சொல் அதற்கு எதிர்த்திசை காட்டுகின்றது.

மருத்துவச் சொல்லாக்கம் நோயாளியின் வாழ்வைத் தொடும் என்பதனை உணர்ந்தவர்களுள் ஒருவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன். மானிப்பாயில் தமிழ் மூலம் மருத்துவம் கற்பித்த அவர் இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். சத்திரசிகிச்சை நூலும் உடற்கூற்று நூலும் தமிழில் அச்சேறி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கத்தியின்றி முழங்காலைப் பேணும் அறிவு, அவற்றுக்கு இணையான சொற்கவனத்தோடு தமிழில் எழுதப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

ஒன்ராறியோவில் நிகழ்ந்த திருப்பங்கள்

ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய ஒன்ராறியோ மாகாணம் இந்த வரலாற்றில் இருமுறை முன்னிலை பெறுகின்றது.

முதலாவது, ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையில் பணியாற்றிய எலும்பியல் மருத்துவர் ரொபர்ட் சால்டரின் ஆய்வு. மூட்டைக் கட்டிவைக்கும் வழக்கம் அதற்குத் தீங்கு செய்கின்றது என்று ஐயுற்ற அவர், 1970 முதல் முயல்களின் முழங்கால்களில் சோதனைகளை மேற்கொண்டார். குருத்தெலும்பில் ஏற்படுத்திய சிறு குறைகள், கட்டிவைத்த மூட்டுகளைவிட, இயந்திரத்தால் இடையறாது மென்மையாக அசைக்கப்பட்ட மூட்டுகளில் நன்றாக ஆறின. 1980இல் அம்முடிவுகள் விரிவாக வெளியாயின. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுநீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகின்றது. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி நிகழும்போது நீர் உட்புகுந்து வெளியேறும். நனைத்த துணியைப் பிழிந்து மீண்டும் நனைப்பது போன்ற செயல் அது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. சால்டரின் அசைவு இயந்திரம் பிற்காலத்தில் முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் கருவி பின்தங்கிய பிறகும் அதன் பின்னிருந்த கருத்து நிலைத்தது.

இரண்டாவது திருப்பத்துக்கு ஒரு முன்னுரை வேண்டும். 1980களிலும் 1990களிலும் துளைவழிக் கருவியைச் செலுத்தி மூட்டினுட் பகுதியைக் கழுவித் துப்புரவாக்கும் சத்திரசிகிச்சை பெருவழக்காயிற்று. தேய்ந்த பொறியைத் திறந்து துகள் நீக்கும் படிமத்துக்கு அது மிகவும் இசைந்தது. ஹூஸ்டனில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லியும் துணைவர்களும் 180 நோயாளரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குத் துப்புரவு, இன்னொன்றுக்குக் கழுவுதல், மூன்றாவதற்குத் தோலில் மட்டும் சிறு வெட்டு. எவருக்கு எது நிகழ்ந்தது என்பதை நோயாளர் அறியார். ஈராண்டு பின்தொடர்ந்த பின் 2002இல் வெளியான முடிவின்படி, உண்மைச் சிகிச்சை பெற்றோர் போலிச் சிகிச்சை பெற்றோரைவிட மேம்பட்டிருக்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது, ஆய்வுக்கு உட்பட்டோர் பெரும்பாலும் ஆண்கள் என்பதும் குறையாகச் சொல்லப்பட்டது.

ஒன்ராறியோவின் லண்டன் நகரில் அலெக்சாண்ட்ரா கேர்க்லி தலைமையில் தொடங்கிய ஆய்வு அக்குறைக்கு விடையளித்தது. எல்லாருக்கும் இயன்முறை மருத்துவமும் மருந்தும் தரப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மட்டும் துளைவழிச் சத்திரசிகிச்சை கூடுதலாகச் செய்யப்பட்டது. ஈராண்டின் முடிவில் கத்தி கூட்டித் தந்த நன்மை எதுவுமில்லை. 2008இல் அம்முடிவு அச்சேறியபோது கேர்க்லி உயிருடன் இல்லை. அவர் 2002இல் விமான விபத்தொன்றில் இறந்திருந்தார். தம் துறையின் பெருவழக்கான சிகிச்சையைத் தாமே சோதனைக்கு உட்படுத்திய எலும்பியல் சத்திரசிகிச்சையாளர் அவர்.

நடையும் எடையும்

கத்தி விலகிய இடத்தில் எது நின்றது? 1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 60 வயதைக் கடந்த 439 பேர் பதினெட்டு மாதங்கள் நடைப்பயிற்சியிலோ தசை வலுவூட்டும் பயிற்சியிலோ உடல்நலக் கல்வியிலோ ஈடுபடுத்தப்பட்டனர். பயிற்சி செய்தோரின் வலி, கல்வி மட்டும் பெற்றோரைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது, நடை கூடியது. பத்தில் ஒரு பங்கு என்பது சிறிதே. ஆனால் தேய்மானம் என்னும் படிமம் சரியாயிருந்திருந்தால், ஒன்றரை ஆண்டு நடந்தோரின் முழங்கால் மேலும் கெட்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை என்பதே வரலாற்று நோக்கில் அவ்வாய்வின் பெறுமதி.

எடை பற்றிய சான்றுகள் இதனினும் உறுதியானவை. பிரேமிங்ஹாம் நகர மக்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்விலிருந்து டேவிட் பெல்சனும் துணைவர்களும் 1992இல் வெளியிட்ட முடிவின்படி, பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 5 கிலோ எடை குறைத்த பெண்களிடம் வலியுடன் கூடிய முழங்கால் நோய்க்கான வாய்ப்புப் பாதிக்கும் கீழே சென்றது. ஸ்டீபன் மெசியரின் அளவீடுகள் காரணத்தைக் காட்டின: உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும். அவர் குழுவினர் 454 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்தபோது வலி மிகக் குறைந்தது. பனிக்காலம் முழுவதும் அடுக்குமாடி வீட்டினுள் அடைந்து, மூன்று வேளையும் சோற்றையோ மாப்பண்டத்தையோ நம்பியிருக்கும் முதியவருக்கு, காலைப் பாதுகாக்கும் பொருட்டு இருத்தப்பட்ட நாற்காலியே எடையையும் கூட்டுகின்றது. 'தேயும்' என்ற அச்சம் அவ்வாறு தன் சான்றைத் தானே உண்டாக்கிக்கொள்கின்றது.

மாத்திரைகளும் ஊசிகளும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். 1583 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில் குளுக்கோசமைனும் கொன்ட்ராய்ட்டினும் மொத்தத்தில் வெற்று மாத்திரையை வெல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈராண்டுகள் ஸ்டீராய்ட் ஊசி பெற்றோரிடம் வலி கூடுதலாகக் குறையாததோடு குருத்தெலும்பின் இழப்பும் சற்று மிகுந்தது என 2017இல் தெரியவந்தது. இவ்விரண்டையும் ஊரிலுள்ள உறவினருக்குப் பொதியில் வைத்தும் விடுமுறையில் அழைத்துச் சென்று போடுவித்தும் அனுப்பும் அன்பு புலம்பெயர் குடும்பங்களில் உண்டு. அந்தப் பணம் ஓர் இயன்முறை மருத்துவரிடம் சென்றிருக்கலாம்.

அமர்ந்தெழும் பழக்கம் பற்றியும் ஒரு குறிப்பு. பெய்ஜிங் முதியோரிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு, இளமையில் நெடுநேரம் குந்தியிருந்தோரிடம் முழங்கால் நோய் மிகுந்திருந்ததைக் காட்டியது. அரிவாள்மணையும் துருவலையும் குந்தியிருந்தே கையாளப்பட்ட சமையலறைகளில் வளர்ந்த பெண்களுக்கு இது பொருந்தக்கூடும். எனினும் நெடுநேரச் சுமைக்கும் அளவான அசைவுக்கும் வேறுபாடு உண்டு. முதலாவதைக் காட்டி இரண்டாவதைத் தடுத்தல் ஆகாது.

டென்மார்க்கில் 2013இல் எவா ரூஸ், சோரென் ஸ்கோ ஆகியோர் தொடங்கி, 2016 முதல் கனடாவிலும் நடைபெறும் பயிற்சித் திட்டம் இந்த அறிவையெல்லாம் நடைமுறைக்குக் கொணர்ந்தது. நோய் பற்றிய விளக்கவுரைகளும் மேற்பார்வையில் 12 பயிற்சி அமர்வுகளும் அதன் உள்ளடக்கம். நாற்காலியிலிருந்து கையூன்றாது எழுதல், படியில் ஏறி இறங்கல், முழங்கால் பாதத்துக்கு நேராக நிற்கும்படி காலை ஆளப் பழகுதல் முதலியன பயிற்சிகள். அத்திட்டம் வலியை நிறுத்தற் குறியாகக் கொள்வதில்லை. பத்தில் ஐந்து வரையான வலி ஏற்கத்தக்கது. அது ஒரு நாளுள் பழைய நிலைக்குத் தணிய வேண்டும். தணியாவிட்டால் அடுத்த முறை சற்றுக் குறைத்துச் செய்ய வேண்டும். தேய்மானத்தை நம்பும் ஒருவர் இந்த விதியை ஏற்கவே முடியாது. அவருக்கு ஒவ்வொரு வலியும் ஒரு துகள் இழப்பு.

சத்திரசிகிச்சைக்கு உரிய இடத்தையும் மறுத்தலாகாது. ஸ்கோவும் துணைவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றுச் சிகிச்சைக்குத் தகுதியுடைய 100 பேருள் 50 பேருக்கு அச்சிகிச்சையும் தொடர்ந்து பயிற்சியும், ஏனைய 50 பேருக்குப் பயிற்சி, உணவுமுறை, மருந்து முதலியன மட்டும் அளிக்கப்பட்டன. சத்திரசிகிச்சை பெற்றோரின் வலி ஐயமின்றிக் கூடுதலாகத் தணிந்தது. கடும் பக்கவிளைவுகளும் அவர்களிடமே மிகுந்தன. மற்றைய 50 பேருள் அவ்வாண்டுக்குள் மாற்றுச் சிகிச்சையை நாடியோர் 13 பேர். அவ்வளவு முற்றிய நிலையிலும் ஏனைய 37 பேர் ஓராண்டுவரை கத்தியின்றிக் கழித்தனர் என்பது தமிழில் பரவலாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

வலியைச் சொல்லும் மொழி

இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுக் குறிப்புகள் இன்று இந்நோயை அறிவதற்கு எக்ஸ்-கதிர்ப்படத்தை வழக்கமாகக் கேட்பதில்லை. வயது 45 அல்லது அதற்கு மேல். அசைவோடு தொடர்புடைய வலி. காலை விறைப்பு இல்லாமை, இருந்தால் அரைமணி நேரத்துக்கு மேற்படாமை. வேறு நோயின் அறிகுறி இல்லாதபோது இவையே போதும். விறைப்பு நெடுநேரம் நீடித்தாலோ மூட்டு சூடாகி வீங்கினாலோ வேறு நோயைத் தேட வேண்டும். படத்திலிருந்து நோயாளியின் வாய்மொழிக்கு இவ்வாறு அதிகாரம் திரும்பியிருப்பதனால், அவருடைய மொழி மருத்துவக் கருவியாகின்றது.

அம்மொழி தமிழில் வளமானது. குடைச்சல், குத்து, உளைவு, கடுப்பு, பிடிப்பு, விறைப்பு என்பன ஒன்றன் இடத்தில் ஒன்று நிற்கக் கூடியன அல்ல. இரவில் படுத்த பின் உளைவதும், படியிறங்கும்போது குத்துவதும், இருந்தெழும்போது பிடிப்பதும் மருத்துவருக்கு வெவ்வேறு செய்திகள். புலம்பெயர் நாட்டு மருத்துவர் அறையில் இவை யாவும் பேரப்பிள்ளை ஒருவரின் வாய்வழி ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருங்குகின்றன. திரும்பி வரும் வழியில் மருத்துவரின் நீண்ட விளக்கமும் ஒரே தமிழ்ச் சொல்லாகச் சுருங்குகின்றது. 'காலமை எழும்பினால் கால் மடங்காது, நாலு அடி வைச்சால் சரியாப் போயிடும்' என்று பாட்டி ஒருவர் சொல்வாராயின், வழிகாட்டுக் குறிப்பு கேட்கும் விறைப்பின் கால அளவையும், அசைவினால் அது விலகுவதையும் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகின்றார். அவ்வாக்கியத்தின் பின்பாதி மொழிபெயர்க்கப்படாமல் விடுபடுவதே வழக்கம்.